ஒன்பதாவது அடுக்கின் வில்லை

ஏழடுக்கு மடுவில் ஒரு நாரை இருந்தது. அது முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை. மூழ்கும் பயிற்சிக்கு அதுதான் தலைவர்.

மடுவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். காட்டின் நடுவே அது ஒரு பாறைப் பள்ளம். அதன் ஒரு பக்கம் படிக்கட்டுபோல ஏழு அடுக்காகக் கீழே இறங்கும். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு நிறத்தில் கூழாங்கல் கிடக்கும். முதல் அடுக்கில் வெள்ளை. ஐந்தாவதில் கறுப்பு. ஏழாவதில் சிவப்பு. கார்த்திகையில் மடு நிரம்பினால் ஏழாவது அடுக்கின் மேல் ஒரு பனைமரம் முங்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். சித்திரையில் அதே அடுக்கில் தவளை உட்கார்ந்தால் முதுகு காயும்.

மழைக்காலத்தில் வளைகளில் தண்ணீர் புகுந்துவிடும். எலி கிடைக்காது. பூச்சி கிடைக்காது. ஆனால் மடுவின் அடுக்குகளில் அப்போதுதான் மட்டிச் சிப்பி கொழுக்கும். அல்லிக் கிழங்கு திரளும். மூச்சடக்கி இறங்கத் தெரிந்தவர் வீட்டில் பசி இல்லை.

ஒரு வருடம் மரநாய்க் குட்டி ஒன்று மடுவில் இறங்கியது. ஏறி வரவில்லை.

காட்டுக் கூட்டம் கூடியது. யானை தலைமை தாங்கியது. முறையாகப் பயிற்சி பெற்று, அதற்கான வில்லையைக் கழுத்தில் அணியாதவர் யாரும் இனி மூழ்கக் கூடாது என்று தீர்மானம் ஆனது. பயிற்சிக்கு நாரையைத் தலைவராகப் போட்டார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பவர் அவர்தானே என்று யானை காரணம் சொன்னது.

‘மூழ்குநர் பயிற்சிக் கழகம்’ அப்படித்தான் பிறந்தது.

தொடக்கத்தில் கழகம் ஒழுங்காகவே நடந்தது. நாரைக்கு மூழ்கத் தெரியாது. ஆனால் மூழ்கத் தெரிந்த நீர்க்காகத்திடம் விசாரித்து மூன்று பாடங்களை வகுத்திருந்தது. காது வலித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்ல ஊது. கூட இறங்கியவரைப் பார்வையிலிருந்து விடாதே. பாதி மூச்சு தீர்ந்ததும் திரும்பு.

தேர்வு கார்த்திகையில் நடந்தது. காட்டுக் கூட்டத்தின் தீர்மானப்படி, ஐந்தாவது அடுக்கைத் தொட்டுக் கறுப்புக் கல்லை எடுத்து வந்தால் வில்லை உண்டு. அதற்கும் கீழே போகிறவருக்கு வில்லையில் கூடுதல் கோடு உண்டு. மட்டி ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டமான வில்லை. கொடியில் கோத்துக் கட்டிவிடுவார்கள். வெயிலில் பளபளக்கும்.

செங்கோடன் என்ற கீரி அந்த வருடம் தேர்வுக்குப் போனது. குதித்தது. இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு மேலே வந்தது.

“கல் எங்கே?” என்று கேட்டது நாரை.

“நாலாவது அடுக்குலயே பாதி மூச்சு தீந்துபோச்சு. திரும்பிட்டேன். நீங்கதானே அப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?”

“திரும்பினது சரி. பாராட்டுறேன். கல் வரல. தோல்வி!”

“பாராட்டுக்கு வில்லை கெடையாதா?”

“கெடையாது. அடுத்தவர் வாங்க!”

செங்கோடன் உடம்பை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனது. நாரை செய்ததில் தவறு ஒன்றும் இல்லை என்று அதற்குத் தெரியும். அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது.

அடுத்த வருடம் உடும்பு ஒரு போட்டி அமைப்பைத் தொடங்கியது. ‘அகில வன மூழ்குநர் சம்மேளனம்’ என்று பெயர். உடும்புக்கு நன்றாகவே நீச்சல் தெரியும். சம்மேளனம் தொடங்கிய பிறகு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

கழகத்தில் சேர ஒரு மீன். சம்மேளனத்தில் சேர ஒரு முட்டை. கழகம் ஒரு மாதம் பயிற்சி கொடுத்தது. சம்மேளனம் அரை மாதம் போதும் என்றது. கழகம் ஒரு வாரம் என்றது. சம்மேளனம் ஒரு மதியம் என்றது. அதற்குக் கீழே எப்படிப் போவது என்று நாரை ஒற்றைக் காலில் நின்று யோசித்தது.

அப்போது அதற்குக் காட்டுக் கூட்டத்தின் தீர்மானம் நினைவுக்கு வந்தது. ‘அடுக்கைத் தொட்டு, கல்லை எடுத்து வர வேண்டும்’ என்றுதான் அதில் இருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

நாரை தேர்வைச் சித்திரைக்கு மாற்றியது.

தேர்ச்சி விகிதம் உயர்ந்தது. முள்ளம்பன்றி ஒரு முள் நனையாமல் ஏழாவது அடுக்குக்கு நடந்து போய்ச் சிவப்புக் கல்லைக் கவ்வி வந்தது. எருமை அங்கேயே படுத்துக்கொண்டது. தேர்வு முடிந்துவிட்டது என்று அதை எழுப்பித்தான் வில்லையைக் கட்டினார்கள். யாருடைய காதும் தண்ணீருக்குள் போகவில்லை. ஆகவே காதுப் பாடம் நீக்கப்பட்டது. யாரும் மூச்சடக்கவில்லை, ஆகவே மூச்சுப் பாடமும் நீக்கப்பட்டது. கூட வந்தவரைப் பார்வையிலிருந்து விடாதே என்ற பாடம் மட்டும் நீடித்தது. எல்லோரும் பேசிக்கொண்டே நடந்ததால் அதில் சிரமம் இருக்கவில்லை.

உடும்பு சும்மா இருக்குமா? எட்டாவது அடுக்குக்கும் ஒன்பதாவது அடுக்குக்கும் வில்லை கொடுப்பதாக அறிவித்தது.

முயல் வந்து விசாரித்தது.

“அண்ணே, மடுவுல ஏழு அடுக்குதானே இருக்கு?”

“அதனாலதான் எட்டாவது கஷ்டம்.”

“அப்ப ஒன்பதாவது?”

“அதுக்கு ரெண்டு முட்டை!”

முயல் ஒன்பதாவது அடுக்கு வில்லையை வாங்கியது. முயலுக்கு முட்டை எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச காலத்தில் காட்டில் எல்லோருடைய கழுத்திலும் வில்லை தொங்கியது. பாதிப் பேர் பயிற்றுநர் ஆகிவிட்டார்கள். பயிற்றுநருக்குப் பயிற்சி தருகிறவர்களும் உருவானார்கள். இரண்டு வருடம் பருவமழை பொய்த்தது. மடு கார்த்திகையிலும் இடுப்பளவுதான் நிரம்பியது. வில்லைக்காரர்கள் இறங்கி மட்டியை அள்ளினார்கள். அல்லது வில்லையைப் போட்டுக்கொண்டு கல்யாணங்களுக்குப் போனார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு அமைப்புகளும் அதைத் தங்கள் பயிற்சியின் வெற்றி என்று சொல்லிக்கொண்டன.

வில்லை இல்லாத வீடு செங்கோடனுடையது ஒன்றுதான். மட்டி அள்ள அனுமதி இல்லாத வீடும் அது ஒன்றுதான்.

அதன் மனைவி பாவாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். இரண்டு குட்டிகளை வைத்துக்கொண்டு பசியோடு இருப்பவருக்கு அவ்வளவு நீளம் இருக்கலாம்.

“மாமா, இந்தத் தடவையாவது போய் வாங்கிட்டு வந்துருங்க. காலு நனையாதாம். எருமையே வாங்கிருச்சு!”

“படுத்துக்கிட்டு வாங்கிருச்சுன்னு சொல்லு.”

“எப்படி வாங்கினா என்ன? மரநாய் வீட்டு வாசல்ல மட்டி ஓடு குவிஞ்சு கெடக்கு. நம்ம வாசல்ல என்ன கெடக்கு? உங்க ரோஷம் கெடக்கு!”

“நான் தோத்தது கார்த்திகைத் தண்ணியில. சித்திரைச் சேத்துல ஜெயிச்சா, அதுல யாரு ஜெயிச்சதா ஆகும்?”

“குட்டிங்க வயிறு ஜெயிச்சதா ஆகும்!”

பேச்சில் தோற்றால் செங்கோடன் வளைக்கு வெளியே போய் மண்ணைத் தோண்டும். அன்றும் தோண்டியது.

அந்தச் சித்திரையில் நாரையே வளை வாசலுக்கு வந்தது.

“செங்கோடா, நூத்துக்கு நூறு தேர்ச்சின்னு கூட்டத்துல அறிவிக்கப் போறேன். நீ ஒருத்தன்தான் இடிக்கிற. மீன்கூட வேண்டாம். வந்து ஒரு கல்லை எடுத்துட்டுப் போ.”

“கார்த்திகையில வை. வர்றேன்.”

“கார்த்திகையில தேர்வு வைக்க முடியாதப்பா. தண்ணி அதிகமா இருக்கும்.”

“மூழ்குற தேர்வுக்கா?”

“பயிற்சிக்குத் தோதுப்படாது” என்றது நாரை, கொஞ்சமும் சிரிக்காமல்.

செங்கோடன் மறுபடியும் தோண்டப் போய்விட்டது. உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாவாயி வெளியே வந்தது.

“அவரு கெடக்காரு. நான் வர்றேன்” என்றது.

பாவாயி ஏழு அடுக்கும் நடந்து இறங்கியது. அடியில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. சிவப்புக் கல்லை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு மேலே வந்தது. நாரை அதன் கழுத்தில் ஏழு கோடு போட்ட வில்லையைக் கட்டியது.

“இன்னையிலேருந்து நீ ஏழாவது அடுக்கு மூழ்குநர்!”

“நான் மூழ்கவே இல்லீங்களே?”

“தேர்வுல அது கேக்கப்படல” என்றது நாரை.

பாவாயி வீட்டுக்கு வந்து வில்லையைக் காட்டியது. குட்டிகள் அதை நக்கிப் பார்த்தன. செங்கோடன் பார்க்காததுபோல இருந்துவிட்டு, கடைசியில் கேட்டது.

“காது வலிச்சா என்ன செய்யணும்னு சொன்னாங்களா?”

“காது எதுக்கு வலிக்கப் போவுது?”

“ஆழத்துல போனா வலிக்கும். அப்ப மூக்கை…”

“போதும் மாமா. தோத்தவங்க பாடம் எடுக்க வேண்டாம்!”

செங்கோடன் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரோஷம் இப்போது கணவனிடமும் இருந்தது, மனைவியிடமும் இருந்தது. வளையில் வேறு எதற்கும் இடம் இல்லை.

அந்த வருடம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்யவில்லை. ஒரே பிடியாகப் பெய்தது. கார்த்திகை பிறந்தபோது மடு விளிம்பு வரை நிரம்பியிருந்தது. தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அல்லித் தண்டுகள் அடியிலிருந்து கயிறு கயிறாக எழுந்து நின்றன.

நாரையும் உடும்பும் அதற்குள் சமாதானம் ஆகிவிட்டன. ஒருவர் கொடுத்த வில்லையை இன்னொருவர் அங்கீகரிப்பது என்று ஒப்பந்தம். அதற்கு மடுக்கரையில் இணைப்பு விழா ஏற்பாடானது. காட்டில் இருந்த வில்லைக்காரர்கள் எல்லோரும் கரையில் கூடினார்கள். இவ்வளவு மூழ்குநர்களை ஒரே இடத்தில் பார்த்ததில்லை என்று யானை நெகிழ்ந்தது. யாரும் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, ஈரமாக இருந்தது.

பாவாயி விழாவுக்கு வரவில்லை. அதன் வளையில் தண்ணீர் புகுந்துவிட்டது. குட்டிகளை ஒரு மரப்பொந்தில் விட்டிருந்தது. இரண்டு குட்டிகளும் அழுவதை நிறுத்திவிட்டன. அதுதான் பாவாயியைப் பயமுறுத்தியது. அது மட்டி எடுக்க நேராகக் கரைக்கு வந்தது.

நாரை வில்லையைப் பார்த்தது. கோடுகளைச் சரிபார்த்தது.

“ஏழாவது அடுக்கு. சரி. துணை இல்லாம இறங்கக் கூடாது. யாருப்பா துணைக்குப் போறது?”

முயல் முன்னால் வந்தது. ஒன்பது கோடு.

“அக்கா, நீங்க முன்னால போங்க. நான் பின்னால பாத்துக்கறேன்” என்றது.

பாவாயி குதித்தது. முயல் ஒரு பாதத்தை நனைத்துப் பார்த்தது. பிறகு அந்தப் பாதத்தைத் துடைத்துக்கொண்டது.

எதிர்ப் பாறையின் மேல் செங்கோடன் உட்கார்ந்திருந்தது. மனைவியோடு நான்கு நாளாகப் பேச்சு இல்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் அடுக்கில் மட்டி இல்லை. வேறு யாரோ அள்ளிவிட்டார்கள். இரண்டாவதிலும் இல்லை. பாவாயி இன்னும் கீழே போனது. தான் ஏழாவது அடுக்கு மூழ்குநர் என்று அதற்கு நினைவிருந்தது. மூன்றாவது அடுக்கில் காதுக்குள் யாரோ முள்ளை வைத்துத் திருகுவதுபோல வலித்தது. என்ன செய்வது என்று தெரியவில்லை. நடந்து வந்த இடம்தானே என்று நினைத்து இன்னும் கீழே போனது. தலை சுற்றியது. எது மேல், எது கீழ் என்று புரியவில்லை. மேலே போவதாக நினைத்து அல்லித் தண்டுகளுக்குள் புகுந்தது. தண்டு காலைச் சுற்றியது. உதறியது. இன்னொரு தண்டு இடுப்பைச் சுற்றியது.

கரையில் யானை பேசிக்கொண்டிருந்தது. பாறை மேலிருந்து செங்கோடன் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. குமிழிகள் வேகமாக வந்தன. பிறகு ஒன்றிரண்டு வந்தன. பிறகு வரவில்லை.

“பாவாயி எங்கே?” என்று கத்திக்கொண்டே செங்கோடன் ஓடி வந்தது.

“கீழே இருக்காங்க. முறைப்படிதான் இறங்கினாங்க” என்றது முயல்.

“நீ துணைக்குப் போகலியா?”

“நான் ஒன்பதாவது அடுக்கு அண்ணே. இவங்க ஏழுலதானே இருக்காங்க!”

யானை பேச்சை நிறுத்தியது.

“ஏழாவது அடுக்கு வில்லை வெச்சிருக்கிறவங்க யாராவது உடனே இறங்குங்க!” என்றது.

எல்லோருடைய கழுத்திலும் வில்லை இருந்தது. எல்லோரும் பக்கத்தில் இருப்பவரின் வில்லையைப் பார்த்தார்கள்.

“நான் இப்ப சம்மேளனத்துக்கு மாறிட்டேன். பாவாயி கழகத்து ஆளு” என்றது முள்ளம்பன்றி.

“இப்பத்தானே இணைச்சோம்?” என்றது யானை.

“கையெழுத்து இன்னும் காயலீங்க.”

“உடும்பு, உனக்கு நீந்தத் தெரியுமே!”

“நான் நிர்வாகம்” என்றது உடும்பு.

செங்கோடன் அதற்குள் விளிம்புக்கு வந்துவிட்டது. நாரை இறக்கையை விரித்துத் தடுத்தது. பழக்கம்தான் காரணம், கெட்ட எண்ணம் இல்லை.

“வில்லை?”

“இல்ல.”

“வில்லை இல்லாம யாரும்…”

நாரையின் கால்கள் நீளமானவை. கீரி அவற்றின் நடுவே புகுந்து குதித்தது.

மூன்றாவது அடுக்கில் காது வலித்தது. முன்னங்காலால் மூக்கைப் பொத்தி ஊதியது. வலி விட்டது. நாலாவது அடுக்கின் ஓரத்தில், தண்டுகளுக்குள், பாவாயி அசையாமல் கிடந்தது. ஏழு கோடு போட்ட வில்லை அதன் முகத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

செங்கோடன் தண்டுகளைக் கடித்தது. காலில் இருந்தது அறுந்தது. இடுப்பில் ஒன்று அறுந்தது. இன்னொன்று தடிமனாக இருந்தது. பாதிதான் கடித்திருந்தது, பாதி மூச்சு தீர்ந்துவிட்டது.

இன்னும் நாலு கடி கடித்தால் அறுந்துவிடும் என்று தோன்றியது. மனைவியின் முகம் ஒரு முழ தூரத்தில் இருந்தது. ஆனால் அந்த இடம் அதற்கு நன்றாகத் தெரியும். இந்த அடுக்கில்தான் அது தோற்றிருந்தது. இதற்கு மேல் இருந்தால் என்ன ஆகும் என்று அதன் நெஞ்சுக்கு அன்றே தெரிந்திருந்தது.

பாவாயியை விட்டுவிட்டுச் செங்கோடன் திரும்பியது.

அதன் தலை தண்ணீருக்கு மேலே வந்தபோது கரையில் சலசலப்பு எழுந்தது.

“பாரு, தனியா வந்துட்டான்!”

“அன்னைக்கும் இப்படித்தான் பாதியில திரும்பினான்!”

“பொண்டாட்டியவே விட்டுட்டு வர்றானே, இவனுக்கெல்லாம் ரோஷம் வேற!”

“கல் இருக்கா?” என்று நாரை வாய் தவறிக் கேட்டது.

செங்கோடன் வாய் நிறையக் காற்றை இழுத்தது. மறுபடியும் இறங்கியது.

இந்த முறை வழி தெரியும். தடித்த தண்டில் ஏற்கெனவே பாதி அறுத்த இடம் இருந்தது. இரண்டு கடியில் விட்டது. பாவாயியின் கழுத்துத் தோலைக் குட்டியைக் கவ்வுவதுபோலக் கவ்வியது. மேலே உந்தியது. பாறையின் கல்லில் வில்லையின் கொடி மாட்டி அறுந்தது. வில்லை சுழன்று சுழன்று ஐந்தாவது அடுக்கில் விழுந்து, ஆறாவதுக்கு உருண்டு, ஏழாவது அடுக்குக்குப் போனது. பாவாயியிடம் இருந்தவற்றில் அது ஒன்றுதான் ஏழாவது அடுக்கு வரை மூழ்கியது.

கரையில் பாவாயியைக் கவிழ்த்துப் போட்டார்கள். செங்கோடன் அதன் முதுகில் ஏறி மிதித்தது. தண்ணீர் வந்தது. இன்னும் தண்ணீர் வந்தது. செங்கோடன் விடாமல் மிதித்தது. யானைகூடத் தன் காதுகளை ஆட்டுவதை நிறுத்திவிட்டது.

பாவாயி இருமியது. ஒரு கண்ணைத் திறந்தது.

“மாமா… வில்லை இல்லாம உங்கள எப்படி விட்டாங்க?”

“விடல” என்றது செங்கோடன். அப்புறம் அது மனைவியின் பக்கத்தில் விழுந்து படுத்தது.

அன்று மரநாய் தன் வீட்டிலிருந்து மட்டி கொண்டு வந்து மரப்பொந்தில் வைத்துவிட்டுப் போனது. அதன் குட்டிதான் முன்பு அந்த மடுவில் மூழ்கிப் போனது.

மறுநாள் விசாரணை நடந்தது. நாரை தன் விளக்கத்தைச் சொன்னது. பாவாயி முறையான வில்லை பெற்றவர். முறையான துணையோடு இறங்கினார். ஆகவே விபத்து நடக்க வாய்ப்பே இல்லை. அனுமதி இல்லாமல் மூழ்கியவர் செங்கோடன் ஒருவரே. உடும்பு இதை வழிமொழிந்தது. இணைப்புக்குப் பிறகு இரண்டு அமைப்புகளும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

யானை முயலைப் பார்த்தது.

“ஒன்பதாவது அடுக்கு எங்கேப்பா இருக்கு?”

முயல் காதைச் சொறிந்தது. “எட்டாவதுக்குக் கீழேங்க” என்றது.

யானை பெருமூச்சு விட்டது. பழைய தீர்மானத்தில் ‘தண்ணீருக்குள்’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தது. தேர்வு இனிக் கார்த்திகையில்தான் நடக்கும். நீர்க்காகம் கூடவே இறங்கிப் பார்க்கும். தோற்றவரும் மட்டி எடுக்கலாம். ஆனால் எந்த அடுக்கில் திரும்பினாரோ அதற்கு ஓர் அடுக்கு மேலேயே நின்றுகொள்ள வேண்டும். பழைய வில்லைகள் செல்லாது, கல்யாணங்களுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த கார்த்திகையில் தேர்வுக்கு வந்தவர்களை நாரையால்கூட எளிதாக எண்ண முடிந்தது. எருமை வரவில்லை. முள்ளம்பன்றிக்குச் சளி என்று சொல்லி அனுப்பினார்கள். செங்கோடன் குதித்தது. நாலாவது அடுக்கில் திரும்பியது.

“கல் எங்கே?” என்றது நாரை.

“இல்ல. தோல்வி. எனக்கே தெரியும்” என்றது செங்கோடன். “அடுத்த வருசமும் வருவேன்.”

பிறகு பாவாயி இறங்கியது. மூக்கைப் பொத்தி ஊதியது. இந்த முறை அந்தப் பாடத்தைக் கணவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தது. கேட்பதற்குள் இரண்டு சண்டை முடிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் தலையை வெளியே நீட்டிக் கத்தியது.

“மாமா! மூணாவது அடுக்கு! அதுக்கு மேல எனக்கு ஆவாது!”

தோற்றுவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவரைக் கழகம் அதுவரை பார்த்ததில்லை. அந்த மழைக்காலம் முழுக்கச் செங்கோடன் மூன்றாவது அடுக்கிலும் பாவாயி இரண்டாவது அடுக்கிலும் மட்டி எடுத்தார்கள். மரப்பொந்து வாசலில் ஓடு குவிந்தது.

இதைப் பார்த்த காட்டார் பலருக்கும் ஆசை வந்தது. தாங்கள் எந்த அடுக்கில் தோற்பவர்கள் என்று தங்களுக்கும் தெரிய வேண்டும் என்றார்கள். நாரையும் உடும்பும் கூடிப் பேசின. ‘தோல்வி வில்லை’ என்று புதிதாக ஒன்றை அறிவித்தன. எந்த அடுக்கில் தோற்க விருப்பமோ அந்த அடுக்குக்கு வழங்கப்படும். சித்திரையில் வந்து பெற்றுக்கொள்ளலாம். கூட்டம் அலைமோதியது. முயல் முதல் ஆளாக நின்றது. ஒன்பதாவது அடுக்கில் தோற்றதாக வாங்கிக்கொண்டது.

தன் மூச்சு எந்த இடத்தில் பாதியாகும் என்று தெரியாதவருக்கு, கழுத்தில் தொங்கும் வில்லை தண்ணீரில் இறங்கத்தான் உதவும். ஏறி வர உதவாது.